செய்தி போடுறீங்க சரி, எப்படி செத்தாங்கன்னும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முசிறி பக்கம் காவிரிக்கரை ஊர்க்காரி, ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. லெட்டர் கொஞ்சம் நீளமாத்தான் வந்துருக்கு, இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, ஆனா தண்ணியில மூழ்குறவங்களுக்கு எறியுற கயிறு பத்தி எழுதியிருக்குறத மட்டும் வெட்டிடாதீங்க, அதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாப் போதும், உங்க மாவட்டப் பக்கத்துல அந்த செய்தி வர ஆரம்பிச்சுரும். குளிக்கப் போன அண்ணன் தம்பி பலி, தோழியை காப்பாத்தப் போன மாணவியும் பலி, உடலை மீட்டு ஜி.எச்.க்கு அனுப்பிட்டாங்க, போலீஸ் விசாரிக்குது. மொத்தமே பத்து வரி. பஸ் கவுந்தா டிரைவர் தூங்குனாரா, டயர் வெடிச்சுதா, எந்த வளைவு, அதே இடத்துல முன்னாடி எத்தன தடவ ஆச்சுன்னு படம் போட்டு எழுதுறீங்கல்ல, தண்ணியில போன உசுருக்கு மட்டும் அது எதுவும் இல்ல. அந்த எடத்துல ஆழம் என்ன, குழி எப்படி வந்துச்சு, மொதல்ல யாரு வழுக்குனா, ரெண்டாவது ஆளு ஏன் எறங்குனாங்க, கரையில நின்னவங்க கைக்கு எட்டுற தூரத்துல கயிறோ குச்சியோ இருந்துச்சா, ஒரு வார்த்தை இருக்காது. விதின்னு படிச்சுட்டு நாங்களும் அடுத்த பக்கம் திருப்பிடுறோம்.

நாட்டுல வருஷத்துக்கு சுமார் 38 ஆயிரம் பேரு தண்ணியில மூழ்கி சாவுறாங்கன்னு மத்திய அரசே சொல்லுது, 2023 டிசம்பர்ல சுகாதார அமைச்சகம் இதைத் தடுக்குறதுக்குன்னு தனியா ஒரு அறிக்கையே வெளியிட்டுச்சு. உலகம் பூரா 2021-ல மட்டும் சுமார் 3 லட்சம் பேருன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு போட்டுருக்கு, அதுல கிட்டத்தட்ட பாதி 29 வயசுக்குள்ள உள்ளதுங்க. ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாள்னு ஐ.நா. 2021-ல அறிவிச்சாங்க. எங்களுக்கு அது எப்ப வருது பாருங்க, ஆத்துல தண்ணி வந்து, ஆடிப்பெருக்குக்கு எட்டு ஒம்போது நாள் இருக்குறப்ப. அன்னிக்கு எந்தப் படித்துறையிலயாவது ஒரு அதிகாரி வந்து நின்னு ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல.

பழைய பேப்பரை கொஞ்சம் பெரட்டிப் பாருங்க. 2022 ஜூன்ல கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆத்துல தடுப்பணைகிட்ட பொண்ணுங்களும் சிறுமிங்களுமா 7 பேரு. 2023 பிப்ரவரில மாயனூர் காவிரியில 4 பேரு, புதுக்கோட்டை மாவட்டத்து அரசு ஸ்கூல் புள்ளைங்க, தொட்டியம் பக்கம் புட்பால் போட்டிக்குன்னு வந்த இடத்துல. அதே வருஷம் ஏப்ரல்ல சென்னை மூவரசம்பட்டு கோயில் குளத்துல, தீர்த்தவாரி அன்னிக்கு, சாமியை குளிப்பாட்ட எறங்குன இளவட்டப் பசங்க 5 பேரு. ஆறு வேற குளம் வேற, ஆளு வேற சாதி வேற, ஆனா நடந்தது ஒண்ணுதான். ஒருத்தரோ ரெண்டு பேரோ ஆழத்துல மாட்டிக்கிட்டாங்க, மத்தவங்க அவங்களப் புடிக்கப் போனாங்க, போனவங்களும் வரல. அஞ்சு பேரு ஏழு பேருன்னு எண்ணிக்கை ஏறுறது இப்படித்தான். மொதல்ல வழுக்குனவங்கள காப்பாத்துறது கஷ்டமாவே இருக்கட்டும், அடுத்தடுத்து எறங்குனவங்க செத்திருக்கவே வேண்டாம் ஐயா, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இதுக்கு நீங்க எழுதுற ஒரே காரணம் "நீச்சல் தெரியாததால்". நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் போயிருக்கான். மூழ்கிட்டிருக்குற ஆளுக்கு யாரு என்னன்னு தெரியாது, பெத்த தாயா இருந்தாலும் ஏணி மாதிரி மேல ஏறித்தான் தலைய வெளிய நீட்டப் பாப்பாங்க, அது அவங்க தப்பு இல்ல, அந்த நேரத்துல உடம்பு செய்யுற வேலை. பயிற்சி எடுத்த லைப்கார்டே வெறுங்கையோட போக மாட்டாங்க, மிதவை ஒண்ணை முன்னாடி நீட்டிக்கிட்டுத்தான் கிட்ட போவாங்க. அப்படியிருக்க பாவாடை தாவணியோட ஒரு பொண்ணு, இடுப்பளவு தண்ணியில கூட நடந்து பழகாதவ, தங்கச்சி கைய எட்டிப் புடிச்சா என்னாகும்?

இன்னொண்ணும் சொல்றேன். சினிமாவுல காட்டுற மாதிரி யாரும் கைய தூக்கி ஆட்டி காப்பாத்துங்கன்னு கத்த மாட்டாங்க. மூச்சு விடவே வாய் பத்தல, அப்புறம் எங்க கத்துறது. தலை பின்பக்கமா சாஞ்சிருக்கும், வாய் தண்ணி மட்டத்துல போயிட்டு போயிட்டு வரும், ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கிட்டே இருக்கும், நின்ன எடத்துலயே மேலயும் கீழயும் போவாங்க. பாக்குறவங்களுக்கு விளையாடுற மாதிரியே இருக்கும். ஒரு நிமிஷம் கூட அப்படி தாக்குப்புடிக்க மாட்டாங்க. அதனால கூட வந்த புள்ளை திடீர்னு சத்தம் இல்லாம ஆயிடுச்சுன்னா "ஏய் என்னடி ஆச்சு"ன்னு ஒரு குரல் குடுங்க, பதில் வரலேன்னா அடுத்த செகண்ட் கைக்கு கிடைச்சத எடுங்க.

இப்ப கயிறு மேட்டர். கரையிலயே நின்னு நீட்டுங்க, இல்லேன்னா எறியுங்க, உள்ள எறங்காதீங்க, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கிட்டத்துல இருந்தா மூங்கில், ஆட்டுக்கு தழை ஒடிக்கிற தொரட்டி, தென்னை மட்டை, எதுவும் கிடைக்கலேன்னா துண்டு. நீட்டுறவங்க நின்னுக்கிட்டு நீட்டுனா இழுத்துப் போட்டுரும், கரையில குப்புறப் படுத்துக்கிட்டு நீட்டணும், பின்னாடி இன்னொருத்தர் காலை அமுக்கிப் புடிச்சுக்கணும். பொம்பளைங்க குளிக்கிற துறையில புடவைக்கா பஞ்சம், ஒரு புடவை பதினெட்டு அடி வரும், ரெண்டை முடிஞ்சா முப்பது அடிக்கு மேல. மானம் பாக்குற நேரமா அது, உருவிப் போடுங்க. எட்டு முழ வேட்டி பன்னெண்டு அடி. தூரமா இருந்தா மிதக்குறத எறியணும், மூடி போட்ட காலி தண்ணி கேன் (20 லிட்டர் கேன் ஒரு பெரிய ஆளையே தாங்கும்), பிளாஸ்டிக் குடத்தை கவுத்துப் போட்டு நெஞ்சுல அணைச்சுக்கிட்டா போதும், லாரி டியூப் இருந்தா இன்னும் நல்லது. எங்க பக்கம் கரை பூரா வாழைதான், தார் வெட்டி சாச்சுப் போட்ட மரம் எங்க பாத்தாலும் கெடக்கும், ஒரு துண்டத்தை உருட்டி விட்டாலே புடிச்சுக்கிட்டு மிதக்கலாம். கேனை சும்மா வீசுனா காத்துல பறந்து எங்கயோ போகும், உள்ள ஒரு சொம்பு தண்ணி ஊத்தி மூடிட்டு வீசுங்க, போகவேண்டிய எடத்துக்குப் போகும்.

ஒவ்வொரு படித்துறையிலயும் ஒரு கம்பம், அதுல நைலான் கயிறு ஒரு அம்பது அடி, நுனியில கட்டுன காலி கேன், பக்கத்துல நீளமா ஒரு மூங்கில். இதுக்கு என்ன ஆயிடப்போவுது, கல்யாண வீட்டு பிளெக்ஸ் பேனருக்கு ஆகுற செலவு கூட இல்ல. கிராம சபையில எந்திரிச்சு கேட்டேன், அதுக்கெல்லாம் பணம் ஒதுக்க கணக்குல தலைப்பு இல்லம்மான்னுட்டாங்க. கயிறை திருடிருவான்னு ஒருத்தர் சொன்னாரு. திருடுனா திருடட்டும், இன்னொண்ணு கட்டுவோம், அதுக்கு பயந்து கட்டாமயே இருக்குறதா? ஆனா "ஆழமான பகுதி, குளிக்காதீர்கள், மீறினால் நடவடிக்கை"ன்னு போர்டு வைக்க மட்டும் தலைப்பு இருக்கு போல, அதுவும் ரோட்டு ஓரத்துல வச்சிருக்கு, ஆத்துக்கு எறங்குற எடத்துல இல்ல.

ஆழம்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடுறேன். நாங்க சின்னப் புள்ளையில பாத்த ஆறு சரிவா எறங்கும், முட்டி, இடுப்பு, நெஞ்சுன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டு எறங்குன காலம். இப்ப அப்படி இல்ல. மணல் அள்ளுன குழி அங்கங்க கெடக்கு, தண்ணி வந்துட்டா மேல இருந்து பாக்க எல்லாம் ஒரே மட்டம், முட்டியளவுல நடந்துட்டே போற ஆளு அடுத்த அடியில தலைக்கு மேல ரெண்டாள் ஆழத்துல நிப்பாங்க. குழி ஓரத்துல மணல் உதிரி, திரும்பி ஏறக் கால் வச்சா சரிஞ்சு சரிஞ்சு உள்ளதான் போகும். பாலத்து தூணைச் சுத்தியும் அப்படித்தான், வெள்ளம் அரிச்சு மடு உழுந்துருக்கும். தடுப்பணைக்கு கீழ இன்னும் மோசம், மேல இருந்து உழுகுற தண்ணி அடியில போயி திரும்பி அணை பக்கமே சுருட்டிக்கிட்டு வரும், அதுல மாட்டுனா எவ்வளவு நீச்சல் தெரிஞ்சாலும் வெளிய தள்ளாது, நுரையா வேற இருக்கும், நுரையில மிதக்கவும் முடியாது. நம்ம ஜனங்க குடும்பத்தோட குளிக்க தேடிப் போறது சரியா அந்த எடத்துக்குத்தான், அருவி மாதிரி கொட்டுதுன்னு. மேட்டூர் வழக்கமா ஜூன் 12-ல தொறப்பாங்க, உபரி வந்துட்டா முக்கொம்புல இருந்து கொள்ளிடத்துல திருப்பி விடுவாங்க, காலையில திட்டு திட்டா மணல் தெரிஞ்ச கொள்ளிடம் கொஞ்ச நேரத்துல கரை தொட்டு ஓடும். "கரையோர மக்களுக்கு எச்சரிக்கை"ன்னு நீங்களும் போடுறீங்க, கன அடி கணக்கு எல்லாம் போடுறீங்க, எனக்கு கன அடி புரியாது ஐயா, எந்த ஊர் துறைக்கு எத்தன மணிக்கு தண்ணி வந்து சேரும்னு போடுங்க.

கொங்குப் பக்கம், தர்மபுரி பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க ஊர்ல ஆறு இல்ல, பண்ணைக்குட்டையும் கல்குவாரியும்தான். குட்டைக்கு தண்ணி உறிஞ்சாம இருக்க பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சிருப்பாங்க, பாசி புடிச்சு அது வழுக்கும் பாருங்க, நீச்சல் தெரிஞ்ச ஆளே கரையேற முடியாம நகத்தால பிறாண்டிப் பிறாண்டி ஓஞ்சு போயிருவாங்க. நாலு பக்கமும் முடிச்சு போட்ட கயிறை மேல ஒரு கட்டைல கட்டி உள்ள தொங்க விட்டா போதும். குட்டைக்கு மானியம் குடுக்குறப்பவே கயிறும் வேலியும் இருந்தாத்தான் பில் பாஸ் ஆகும்னு சொல்லிட்டா யாரும் மாட்டேன்னா சொல்லப் போறாங்க?

நீச்சல் கத்துக்குடுக்க வேண்டாம்னு நான் சொல்லல. எங்க அப்பா காலத்துல முதுகுல சுரைக்குடுக்கை கட்டி கெணத்துல தள்ளி விடுவாங்க, ஆம்பளைப் பசங்க எல்லாம் அப்படித்தான் படிச்சாங்க. இப்ப கெணத்துல தண்ணி எங்க இருக்கு, எல்லாம் போர்வெல். பொட்டப்புள்ளைங்கள அப்பவும் உட்டதில்ல இப்பவும் உடுறதில்ல, பெரியவளாயிட்டா கரையில உக்காந்து துவைக்கத்தான் ஆறு. அதே பொண்ணுதான் ஆடிப்பெருக்கு அன்னிக்கு மொளப்பாரி விட, தாலிக்கயிறு மாத்தன்னு கூட்டத்தோட கூட்டமா எறங்கணும். ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்துல தடுப்பு கட்டி போலீஸ், பயர் சர்வீஸ் எல்லாம் நிக்குறாங்க, நல்ல விஷயம், எங்களை மாதிரி சின்ன ஊர் துறையில சாமிதான் காவல். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், கெணத்துல படிச்ச நீச்சல் நின்ன தண்ணி நீச்சல். ஓடுற தண்ணியில மாட்டிக்கிட்டா எதுத்து நீந்தக்கூடாது, மல்லாந்து காலை தண்ணி போற பக்கம் நீட்டிக்கிட்டு மிதந்து, சாய்வா கரைப்பக்கம் ஒதுங்கணும்.

சின்னதுங்க விஷயம் வேற மாதிரி. அதுங்க ஆத்துக்குப் போறதில்ல, வீட்டு வாசல்லயே போயிருதுங்க. சம்ப் மூடி தொறந்து கெடக்கும், மாட்டுக்கு வச்ச தொட்டி, பாத்ரூம்ல ரொப்பி வச்ச அண்டா, பக்கெட்டு, தலைகுப்புற உழுந்தா ஒரு வயசுப் புள்ளைக்கு எந்திரிக்கத் தெரியாது. வங்கதேசத்துல இதை நல்லா கண்டுபுடிச்சிருக்காங்க, அம்மா சமைக்குற, வேலை பாக்குற காலை நேரத்துலதான் குட்டையில உழுந்து போகுதுங்கன்னு. அதனால ஊருக்குள்ளயே காலை 9 மணியில இருந்து மதியம் 1 மணி வரைக்கும் சின்னப் புள்ளைங்களை ஒரு அம்மா பாத்துக்குற மையம் நடத்துனாங்க, சாவு ரொம்பக் கொறைஞ்சுது, 2022-ல அந்த நாட்டு அரசாங்கமே 8,000 மையத்துக்கு திட்டம் போட்டுச்சு. 6 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு நீச்சலும் கத்துக்குடுக்குறாங்க, அதுல 25 மீட்டர் நீந்துறதோட கரையில நின்னபடியே இன்னொருத்தரை காப்பாத்துறதும் பாடம். நமக்கு புதுசா கட்டடம் கூட வேண்டாம், ஊருக்கு ஊரு அங்கன்வாடி இருக்கு. ஆனா எங்க பக்கம் அறுவடை, நடவு சீசன்ல அம்மா விடிகாலையில வயலுக்குப் போயிடுவா, அங்கன்வாடி தொறக்குற நேரமும் அவ போற நேரமும் ஒத்து வராது. நான் பல வருஷம் பாத்துட்டுச் சொல்றேன், அந்த ரெண்டு மணி நேரம்தான் பயம்.

கடல் எனக்கு அவ்வளவா தெரியாது, ஒண்ணே ஒண்ணு. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல மருத்துவ மாணவர்கள் 5 பேரு செத்துப் போனாங்களே, அப்ப கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. காத்தே இல்லாம, வானம் தெளிவா இருக்குறப்பவே எங்கயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல கெளம்புன அலை வந்து அடிக்குறதுதான் அது, ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்குற மத்திய அரசோட கடல் தகவல் மையம் முன்கூட்டியே சொல்லிடுறாங்க. மீனவங்களுக்குப் போய்ச் சேருது, டூர் வர்றவங்களுக்குப் போய்ச் சேரலியே. லாட்ஜ்ல ரூம் சாவி குடுக்குறப்ப ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா என்ன?

வெளிய தூக்குன அப்புறம் நடக்குற கூத்தை சொல்லாம விட முடியல. தலைகீழா தூக்கிப் புடிச்சு சுத்துறது, வயித்தை அமுக்குறது, உப்புல மூடி வச்சா உசுரு திரும்புதுன்னு வாட்ஸ்அப் வேற. இது எதுலயும் உசுரு வராது, இருக்குற கொஞ்ச நேரமும் போகும். வயித்தை அமுக்குனா உள்ள இருக்குறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். மூச்சு இல்லேன்னா மல்லாக்கப் படுக்க வச்சு, தலையை லேசா பின்னால சாய்ச்சு, மூக்கைப் புடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு மொதல்ல அஞ்சு தடவ ஊதணும், சில பயிற்சியில ரெண்டுன்னு சொல்லித்தர்றாங்க, ஆனா ஊதாம விடக்கூடாது, ஏன்னா மூழ்குனவங்களுக்கு கொறைஞ்சது காத்து. அப்புறம் நெஞ்சு நடுவுல ரெண்டு கையாலயும் 30 அமுக்கு, 2 ஊது, 108 வர்ற வரைக்கும் மாறி மாறி விடாம பண்ணணும். வாந்தி வந்தா ஒருபக்கமா சாய்ச்சுத் துடைச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கணும். எந்திரிச்சு உக்காந்து காபி கேட்டாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், கொஞ்ச நேரங்கழிச்சு மூச்சுத் திணறல் வரலாம். மழைக்காலத்துக்கு முன்னாடி பயர் சர்வீஸ்காரங்க கேன், குடம் எல்லாம் வச்சு ஒத்திகை காட்டுறாங்க, கலெக்டர் வந்து பாக்குறாரு, நீங்க போட்டோ போடுறீங்க, அதே ஒத்திகையை மார்ச் மாசம் ஆத்தோர ஸ்கூல்ல காட்டச் சொல்லுங்க, லீவு விடுறதுக்கு முன்னாடி.

நான் உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ அந்தப் பத்து வரி செய்தி வர்றப்ப பதினோராவது வரியா அங்க கயிறு இருந்துச்சா இல்லையான்னு உங்க நிருபரை விசாரிச்சு எழுதச் சொல்லுங்க, குழி எப்படி வந்துச்சுன்னு கேக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு தடவ அப்படி வந்துட்டா எங்க ஊராட்சிக்கும் தலைப்பு தானா கெடைச்சுரும். மே 1 கிராம சபையில நான் திரும்ப எந்திரிச்சு கேக்கத்தான் போறேன், அன்னிக்கு யாராவது வந்தா எங்க துறையில இருக்குற குழி ஒவ்வொண்ணையும் கூட்டிட்டுப் போயி காட்டுறேன். மேட்டூர் தொறக்குறதுக்குள்ள வரச் சொல்லுங்க, ஆறு காஞ்சு கெடக்குறப்பத்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
காவிரிக்கரை வாசகி,
முசிறி வட்டம், திருச்சி மாவட்டம்.